கேளாமல் எடுத்த கார்

எங்கள் மருமக்கள்வழிக் குடும்பங்களில் தாய்மாமன் வீட்டுப் பொருளை எடுக்க மருமகன் அனுமதி கேட்பதில்லை. சொத்து சகோதரி பிள்ளைகளுக்கு என்றிருந்த வழக்கம் அது. கேட்டால் மாமனுக்குக் கோபம் வரும். "நான் என்னலே, அசலூர்க்காரனா?" என்று என் அண்ணனே என் மகனை ஏசியிருக்கிறார். பிறகு சட்டம் மாறியது. சொந்த மக்களுக்கும் பங்கு உண்டு, யாரும் பாகம் கேட்கலாம் என்று ஆயிற்று. நாங்கள் கேட்கவில்லை.

அண்ணன் கார் வாங்கியபோது வீட்டில் லைசென்ஸ் இருந்தது என் மகனுக்கு மட்டும்தான். கோர்ட்டு, கோவில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவன்தான் ஓட்டினான்.

அன்று அண்ணன் திருவனந்தபுரம் போயிருந்தார். அவர் மனைவிக்கு, என் மைனிக்கு, அஞ்சுகிராமத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போகவேண்டும். மகன் கொண்டுபோய் விட்டான். திரும்புகையில் ஒரு வளைவில், பனையோலைக் கட்டு சுமந்து வந்தவர்மேல் கார் மோதியது. கட்டு அவர் முகத்தை மறைத்திருந்தது என்றான் மகன். ஹாரன் கேட்கவில்லை என்றார் அவர். இனி யார் சொல்வது சரியாக இருந்தால் என்ன? அவருடைய ஒரு காலை எடுத்துவிட்டார்கள்.

காருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அந்தக் கம்பெனி ஏஜெண்டு எனக்கு விளக்கிச் சொன்னார்: கார் உரிமையாளரின் சம்மதத்தோடு உறவினர் ஓட்டியிருந்தால் அடிபட்டவருக்கான நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும், சம்மதமில்லாமல் எடுத்திருந்தால் எல்லாம் ஓட்டியவன் தலையில். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அண்ணன் ஊர் திரும்பியதும் ஏஜெண்டு வீட்டுக்கு வந்து கேட்டார்.

"உங்க சம்மதத்துலதானே பிள்ளை வண்டிய எடுத்தது?"

"எங்கிட்டக் கேக்கல்ல," என்றார் அண்ணன்.

மகன் திகைத்துப் போனான். "என்ன மாமா இப்பிடிச் சொல்லுதியோ? மாமிதானே கொண்டு விடச் சொன்னா?"

"வண்டி ஒனக்க மாமிக்கதா லே?"

மைனி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வளையல் சத்தம் கேட்டது. பிறகு அது அடுக்களைப் பக்கம் போனது.

ஏஜெண்டு மகனிடம் திரும்பினார். "தம்பி, நீங்க கேட்டியளா?"

"இல்ல. எங்க வீட்டுல அப்பிடிக் கேக்க மாட்டோம்."

இத்தனை படிக்க வைத்தும் ஒரு பொய் சொல்ல அவனுக்குத் தெரியவில்லை.

ஏஜெண்டு போனபின் நான் அண்ணனிடம் கேட்டேன். "உங்க காரும்லா நொறுங்கிக் கெடக்கு? அதுக்கும் ஒண்ணும் கிட்டாதே அண்ணே?"

"கெடக்கட்டும். வக்கீல் தெளிவாச் சொல்லிட்டாரு. இன்னைக்கு கார் எடுக்க அவனுக்குப் பாத்தியதை உண்டும்னு நான் ஒத்துக்கிட்டா, நாளைக்கு வயலும் எனக்கதுன்னு பாகத்துக்கு வருவான் ஒனக்க மகன்."

"அவன் எப்பம் பாகம் கேட்டான்?"

"அவந்தான் கேக்காம எடுக்குத ஆளாச்சே!" அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

எனக்கென்று இருந்த ஒரே வயலை அடிபட்டவர் குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அது நியாயம். அதற்காக நான் அழவில்லை.

பாகம் என்ற சொல்லை எங்கள் குடும்பத்தில் முதலில் வாயில் எடுத்தவர் அண்ணன்தான். இப்போது நான் பாக வழக்குப் போடப் போகிறேன். வக்கீல் தயார். மகன் கையெழுத்துதான் பாக்கி. அந்த விபத்துக்குப் பிறகு அவன் எந்த வண்டியையும் தொட்டதில்லை. தெருவில் ஹாரன் கேட்டால் உள்ளறைக்குப் போய்விடுகிறான்.

இன்று காலையிலும் பேனாவை நீட்டினேன்.

"மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடுதேம்மா," என்றான்.