துணிப்பூனையின் வயிற்றுச் சூடு

எங்கள் வீட்டுப் பூனை மூன்று குட்டிகளை விட்டுவிட்டுக் காணாமல் போனது ஒரு மார்கழியில். குட்டிகளுக்கு அப்போது கண்கூடத் திறக்கவில்லை. அரையாண்டு விடுமுறை என்பதால் நான் வீட்டில் இருந்தேன். வேப்பூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததே இல்லை.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா தெருக்கடைசியில் இருக்கும் பீங்கான் பட்டறையில் சூளைக்கு அடுக்குகிறாள். காயவைத்த கரண்ட் பெட்டி ஃபியூஸ் கட்டைகளையும் பொம்மைகளையும் இரும்பு வண்டியில் தட்டுத் தட்டாக அடுக்கி, வண்டியைச் சூளைக்குள் தள்ளிக் கதவை மூட வேண்டும். பூனை அவள் பின்னாலேயே அங்கே போகும். பனிக்காலத்தில் ஆறிக்கொண்டிருக்கும் சூளையின் பக்கத்தில் படுத்துக்கொள்வது அதற்குப் பிடிக்கும். குட்டி போட்ட பிறகும், பால் கொடுத்துவிட்டு ஒரு நடை போய்வரும்.

ஒரு நாள் போனது திரும்பவில்லை. நான் ஜங்ஷன் வரைக்கும் தேடினேன். சாக்கடை ஓரம், லாரிகளின் அடி, கசாப்புக் கடைப் பின்புறம் எல்லாம் பார்த்தேன். அம்மா தேட வரவில்லை. குட்டிகள் இருந்த அட்டைப்பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, பட்டறைல பாத்தியா?"

"பாத்தன்."

"அங்க இல்லியா?"

"சூளை எரியுது. எங்கன்னு போய்ப் பாக்குறது?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். கதவை மூடியபோது கிறீச்சென்று ஒரு சத்தம் கேட்டதாம். வண்டிச் சக்கரம் என்று நினைத்தாளாம். நின்றுவிட்ட வண்டியின் சக்கரம் எதற்குக் கத்த வேண்டும் என்று பிறகுதான் தோன்றியதாம். அதற்குள் பற்றவைத்துவிட்டார்கள்.

"தொறங்கன்னு சொல்லியிருக்கணும். சிரிப்பாங்களேன்னு வுட்டுட்டன்" என்றாள்.

அதெல்லாம் இருக்காது, பூனை அவ்வளவு ஏமாந்ததில்லை என்று நான் அதட்டினேன். பெட்டிக்குள் குட்டிகள் தாயைத் தேடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்வீட்டு அத்தையிடம் ஆட்டுப்பால் வாங்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன்.

"ஏண்டி, காலேஜு முடிச்சிட்டு வந்து பூனைக்கு ஆயா வேல பாக்குறியா?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை. சம்பளம் நீங்கதான் குடுக்கணும்."

"பாலு குடுக்குறனே, போதாதா? வாயப் பாரு."

பால் இறங்கியது. குளிர்தான் பெரிய எதிரி. தாயின் உடம்புச் சூடு இல்லாமல் அந்த வயதுக் குட்டிகள் பிழைக்காது என்று படித்தேன். அதனால்தான் துணியில் ஒரு பூனை தைக்க உட்கார்ந்தேன்.

பூனையின் படுக்கை அம்மாவின் பழைய நூல் புடவை. வாசனை போய்விடக் கூடாது என்று துவைக்காமலே வெட்டினேன். செய்தித்தாளில் படுத்திருக்கும் பூனையின் வடிவத்தை வரைந்து, துணியை இரண்டாக மடித்து, பள்ளியில் கற்ற பின்தையலால் ஓரத்தை நெருக்கமாகத் தைத்தேன். ஒரு தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சை அடைத்தேன். வயிற்றில் ஒரு பை வைத்துப் பிரஸ் பட்டன் போட்டேன். வெந்நீர் பாட்டில் வைப்பதற்கு. நூலை இழுக்கும்போதெல்லாம் புடவையில் ஒட்டியிருந்த பூனைமுடி ஒன்றிரண்டு கூடவே வந்தது. அதையும் உள்ளே வைத்தே தைத்தேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தாள்.

"கண்ணு வெக்கலியா?"

"பட்டன் வெச்சா குட்டிங்க முழுங்கிடும்மா."

"கண்ணு இல்லாம எப்படி?"

"கதகதப்பா இருந்தா போதும். அது பாக்க வேணாம்."

அம்மா நீவுவதை நிறுத்திவிட்டாள்.

குட்டிகள் அதை ஏற்றுக்கொண்டன. முன்னங்கால்களால் அதன் வயிற்றைப் பிசைந்து பிசைந்து, இல்லாத காம்பைத் தேடித் துணியைச் சப்பின. காலையில் பார்த்தால் பொம்மை பெட்டியின் வேறு மூலையில் கிடக்கும். குட்டிகள் தள்ளியிருக்கும் என்பேன். அம்மா குனிந்து அதன் முதுகைத் தடவிக்கொடுப்பாள்.

சூளை திறக்கிற அன்று நானும் போனேன்.

"என்னா டீச்சரு, சூளையப் பரீட்சை பண்ண வந்தீங்களா?" என்று சிரித்தார் சூளை பார்க்கிற அண்ணன். நானும் சிரித்து வைத்தேன். எலும்பு எரிந்து இல்லாமல் போகாது, வெள்ளைச் சாம்பலாக மிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். வெள்ளையாக ஏதாவது கிடக்கிறதா என்று வண்டியின் அடித்தட்டில் குனிந்து பார்த்தேன். தட்டில் சாமான் ஒட்டாமல் இருக்கப் பூசுகிற பொடி எங்கும் உதிர்ந்து கிடந்தது. அங்கே எல்லாமே வெள்ளைதான்.

"ஒண்ணும் இல்லம்மா. இருந்திருந்தா எலும்பாவது கெடக்கும்" என்று சொன்னேன்.

"சரி" என்றாள் அம்மா. என் படிப்பை மறுத்துப் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் கோணலாகிப்போன ஒரு ஃபியூஸ் கட்டையைக் கழிவுக் குவியலிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அதைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஏன் என்று கேட்டேன்.

"அது அடித்தட்டுல இருந்தது. வுட்டுட்டு வர மனசு வல்ல."

அன்றிரவே பாட்டில் கசிந்துவிட்டது. காலையில் துணிப்பூனை நனைந்து சில்லிட்டிருந்தது. குட்டிகளில் சிறியது அதன் வயிற்றோடு ஒட்டியபடியே விறைத்துக் கிடந்தது. மற்ற இரண்டும் கத்தவில்லை. கையில் எடுத்தால் தலை தொங்கியது. பொம்மையை அடுப்புக்கு மேலே பிடித்து உலர்த்தினேன். உள்ளே வைக்க, சூடு தாங்கும் கனமான பொருள் ஒன்று வேண்டும். என் கண் சாமிப் படத்தின் பக்கம் போனது.

அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து போய்க் கட்டையை எடுத்தாள். கொதிக்கும் நீரில் போட்டு, இடுக்கியால் எடுத்துத் துடைத்து, என் பழைய காலுறைக்குள் நுழைத்தாள். துணிப்பூனையின் வயிற்றில் வைத்துப் பட்டனை அழுத்தினாள். இரண்டு குட்டிகளையும் அதன்மேல் அணைத்து வைத்தாள்.

"வந்துட்டா பாருங்க" என்றாள் குட்டிகளிடம்.

நானும் குட்டிகள் நழுவாமல் கையை அணைகொடுத்துப் பிடித்துக்கொண்டேன். பீங்கான் மெல்லத்தான் ஆறும். அன்று மதியத்துக்குள் ஒரு குட்டி கத்தியது. பிறகு இன்னொன்றும்.

தை முடிவதற்குள் கண் திறந்து, வீடெல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டன. மீன் குழம்புச் சோறு தின்றன. துணிப்பூனையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அம்மா மட்டும் பொழுது சாய்ந்தால் கட்டையைக் கொதிக்கவைத்து அதன் வயிற்றில் வைத்துவிடுவாள்.

"அதுங்க இப்ப அதுல படுக்கறதே இல்ல. யாருக்கும்மா சூடு பண்ற?"

"அதுங்களுக்கு இல்ல" என்றாள்.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா போன் செய்தாள். "லோடு ஏத்துறாங்க. வர நேரமாவும், நீ சாப்ட்டுடு." கட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. எழுத்து மங்கியது. பேனாவை மூடிவைத்தேன். பிறகு எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கட்டை கொதித்ததும் துடைத்து, வயிற்றுக்குள் வைத்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அம்மா வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் நேரே துணிப்பூனையிடம்தான் போனாள். முதுகில் கை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"பாத்தியா, நான் வைக்கலன்னாலும் சூடாதான் இருக்குது."

அவள் முகத்தில் அப்படியொரு தெளிவை அந்தப் பூனை போனதிலிருந்து நான் பார்த்ததில்லை. விளக்கம் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும்.

"ஆமாம்மா" என்றேன்.

கவிழ்த்த பாத்திரத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.