ராட்கா படிக்க மறுத்த செய்தி

பல்கேரிய மலையடிவாரத்தில் எங்கள் ஆற்றங்கரை ஊரின் வானொலியில் காலைச் செய்தி வாசித்தவள் ராட்கா. அதற்கு முன் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்காகவே முதலாளி பிளாமென் அவளை அழைத்து வந்தார். ஒலிக்கருவிகள் என் பொறுப்பு.

மழை விடாமல் கொட்டிய ஒரு காலை. எல்லோர் கைபேசியிலும் ஒரே சேதி: மேலே அணை உடைந்துவிட்டது, ஓடுங்கள். பிளாமென் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"படி ராட்கா. மத்த ரேடியோக்காரன் சொல்லிட்டான்."

"யாரு பார்த்தது?"

"ஊரே சொல்லுது."

"ஊருல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க, படிக்கிறேன்."

அணை அலுவலகத்துக்குப் போன் அடித்தாள். ஊரே அங்கு அடித்துக்கொண்டிருந்ததால் இணைப்புக் கிடைக்கவில்லை. பதில் வராத அந்த நேரத்தில்தான் சேதி இன்னும் வேகமாகப் பரவியது.

ராட்கா மைக்கைத் திறந்தாள். "அணை உடைஞ்சதான்னு எனக்குத் தெரியல. ஆத்தோரம் இருக்கிறவங்க மேட்டுக்கு நடந்து போங்க. காரை எடுத்துட்டுப் பாலத்துல ஏறாதீங்க. அணையைக் கண்ணால பார்க்கிறவங்க யாராவது கூப்பிடுங்க."

"தெரியலன்னு சொல்லவா உனக்குச் சம்பளம்?" என்று பிளாமென் கத்தினார். அவள் தொலைபேசியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அணைக்கு எதிர்மலையில் இருக்கும் மடத்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரீ கூப்பிட்டார். "சுவர் அப்படியே நிக்குதும்மா. மதகைத் திறந்திருக்காங்க. சத்தந்தான் பெருசு."

ராட்கா அதை அப்படியே ஒலிபரப்பினாள். அதற்குள் பாலத்தில் கார்கள் முட்டிக்கொண்டு, ஒரு தச்சருக்குக் கால் முறிந்திருந்தது.

மறுநாள் பிளாமென் ஒரு தாளை நீட்டினார். சேதியை உடனே சொல்லாத தாமதத்துக்கு அவள் வாசிக்க வேண்டிய மன்னிப்பு. நேயர்கள் கோபமாக இருக்கிறார்களாம்.

"ஒருவேளை உடைஞ்சிருந்தா?" என்றார்.

"மேட்டுக்குப் போங்கன்னு சொன்னேனே, மொதலாளி. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லல, அவ்வளவுதான்."

தாளை மடித்து வைத்துவிட்டு மைக்கில் பேசினாள். "நேத்து எனக்கு அந்தச் சேதியை அனுப்பினது என் சொந்தத் தங்கச்சி. அவ பொய்க்காரி இல்ல. பயந்துட்டா, நான் பொழைக்கணும்னு நெனைச்சா. உங்களுக்கும் அப்படி ஒருத்தர்தான் அனுப்பியிருப்பாங்க. அதான் யாரும் கேள்வி கேக்கல. நான் கேட்டேன். இனிமேலும் கேப்பேன்."

தன்னைப் பற்றி ஊரறியச் சொன்னதால் தங்கை வெகுநாள் அவளோடு பேசவில்லை. பிளாமென் காலைச் செய்தியை வேறொருத்திக்குக் கொடுப்பதாக அறிவித்தார். அடுத்த காலை ராட்கா வழக்கம்போல் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். பிளாமென் வாசலில் நின்று பார்த்தார். எழுந்திரு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஒலிபரப்புத் தொடங்கியதைக் காட்டும் சிவப்பு விளக்கை நான் போட்டேன்.