கல்லில் அப்பாவின் பேர்

அப்பா படுத்த படுக்கையான பிறகு ரெண்டே விஷயந்தான் பேசினார். ஒண்ணு, "என்னை எங்கம்மா பக்கத்துல வைங்க." இன்னொண்ணு, "நெலையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு?"

நிலைவாசலில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். "யாருமில்லப்பா, கண்ண மூடுங்க" என்பேன். "தட்டோட நிக்கிறாளே" என்பார். கதவைச் சாத்தினாலோ, திறக்கச் சொல்லி ஒரே ரகளை.

அம்மா என்று அவர் சொல்வது சுவரில் போட்டோவாகத் தொங்கும் என் அப்பத்தாவை. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவள். அவளுடைய தங்கச்சியைத் தாத்தா ரெண்டாந்தாரமாகக் கட்டினார். அந்தச் சித்திதான் அப்பாவையும் அவருடைய அக்காவான என் அத்தையையும் வளர்த்தாள். அப்பாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. சோற்றை வைத்துவிட்டு, அவர் சாப்பிடுகிறாரா என்று மறுசோற்றுத் தட்டோடு வாசலில் நின்று பார்ப்பாளாம். "நீ போ சித்தி" என்று விரட்டுவாராம். இதை எங்களிடம் பெருமையாக வேறு சொல்லுவார்.

அப்பத்தாவின் கல்லறை எது என்று யாருக்கும் தெரியாது. பழைய பகுதி முழுக்க மண்ணேறி முள் மண்டிக் கிடந்தது. கல்லறைத் திருநாளுக்கு நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துவிடுவோம். சித்தியின் இடம் தெரியும்; மதிலோரம் கல்லில்லாத மண்மேடு. அதற்கு ஒரு வத்தி கொளுத்தி வைத்ததில்லை. வெட்கக்கேடு, வேறென்ன?

இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொன்னதும், அப்பத்தா கல்லறையைத் தேடிப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லி, அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். உச்சிப்பொழுதில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாதே என்பார்கள். அப்போதுதான் அப்பா தூங்குவார், நான் என்ன செய்ய?

முள்ளை வெட்டி வெட்டி, நாலாம் நாள் ஒரு கல் தட்டுப்பட்டது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். எழுத்து தேய்ந்திருந்தது. ரிட்டயரான டீச்சர் நான், பையில் சாக்பீஸ் இல்லாமல் இருக்காது. அதைக் கல்லின் மேல் படுக்கவைத்துத் தேய்க்கத் தேய்க்க அப்பத்தாவின் பேர் வந்தது. அதற்குக் கீழே சின்னதாக இன்னொரு பேர். என் அப்பாவின் பேர்.

பிறப்பு, சூசையப்பர் திருநாளுக்கு முந்தின நாள். வருஷா வருஷம் நாங்கள் கேக் வெட்டும் அதே தேதி, அதே வருஷம். இறப்பு, அப்பத்தா செத்து ரெண்டு நாள் கழித்து.

"யேசுவே!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷன் இங்கே எப்போதோ செத்துக் கிடக்கிறார். வேடசந்தூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன்.

"அது மொதப் பயடி," என்றாள் அத்தை. "எங்கம்மாவும் அவனும் ஒரே காய்ச்சல்ல போயிட்டாங்க. உங்கப்பன் சித்தி வயித்துல பொறந்தவன். செத்தவன் பேரையே எங்கய்யா இவனுக்கு வச்சாரு. பள்ளிக்கூடத்துல சேக்க வயசு பத்தலன்னு செத்தவனோட ஞானஸ்நானச் சீட்டைக் குடுத்துட்டாரு."

"பெத்தவள எதுக்குச் சித்தின்னு கூப்பிட்டாரு?"

"நான் கூப்பிட்டேன், அதப் பாத்து அவனும் கூப்பிட்டான். அவனுக்கு அம்மா, எனக்கு மட்டும் சித்தியான்னு நான் ஏங்கிப் போவேன்னு அவ திருத்தவே இல்லடி."

"அவருகிட்ட நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா அத்தை?"

"அவனுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேன்." அத்தை அழுதாள். எனக்கு அம்புட்டுக் கோபம். ஆனால் எண்பது வருஷத்துக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

வீட்டுக்கு வந்ததும், "கெடச்சுச்சா?" என்றார் அப்பா. சாகப்போகிறவரிடம் இதைச் சொல்வதா என்று தவித்தேன். சொல்லாவிட்டால் வேறு ஒருத்தி பக்கத்தில் அல்லவா வைத்துவிடுவேன். கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணோரம் வழிந்து தலையணை நனைந்தது.

"மதிலோரந்தான?"

"ஆமாப்பா."

"அங்கேயே வை."

பிறகு என் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தார். வீட்டில் எங்கள் ரெண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. நான் திரும்பவில்லை, திரும்பத் தைரியமில்லை.

"எம்புட்டு நேரந்தான் நிப்ப," என்றார். "உள்ள வாம்மா."