காவலரணில் விழுந்த வெளிச்சம்

யுத்த காலத்தில், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு கிழமைதான் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். படுக்கையும் கடைக்குப் பின்னால்தான். எனக்கு ஒரு மேசையும் விளக்கும் வேண்டுமென்று அந்த அறையைப் பிடித்துத் தந்தவர் அவர்.

ஒளித்தெறிப்பு எனக்குப் பாடமாக இருந்தது, கண்ணால் கண்டதில்லை. கண்ணாடிக் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டொன்றை வாங்கிக்கொண்டு ஒரு பின்னேரம் மொட்டை மாடிக்கு ஏறினேன். வெயில் கண்ணாடியில் பட்டுப் பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளையாக விழுந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்ப, வெளிச்சம் இரண்டு மடங்கு விலகியது. புத்தகம் சொன்னது அப்படியே நடந்தது. இன்னும் தூரத்தில் பார்க்க ஆசை வந்தது. தண்டவாளத்துக்கு அப்பால், கடற்கரையில், மணல் மூட்டை அடுக்கிய காவலரண். நாளும் பார்ப்பதுதான். அன்று அது எனக்கு வெறும் சுவர். வெளிச்சத்தை அங்கே எறிந்தேன்.

பத்து நிமிடத்தில் மூன்று ஆமிக்காரர் வந்தார்கள். படிக்கிற பிள்ளை என்று வீட்டுக்கார அன்ரி சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிகாரி கோபக்காரர் அல்ல. புத்தகத்தை வாங்கிப் படங்களைப் பார்த்துவிட்டு, செய்து காட்டச் சொன்னார். தெரிந்த சிங்களத்தில், விரலால் கோணம் வரைந்து விளக்கினேன். வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நம்பிவிட்டார் என்றே நினைத்தேன். அப்போது அவர் கடலில் நின்ற படகொன்றைக் காட்டி, அதற்கும் இப்படி அனுப்பலாமா என்று கேட்டார்.

"அனுப்பலாம் சேர். வெயில் இருந்தாப் போதும்."

அன்ரி கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை. யாருக்கு வெளிச்சம் காட்டினாய் என்ற ஒரே கேள்வியை ஆள் மாறி ஆள் கேட்டார்கள். அப்பா கடை முதலாளியைக் கூட்டிவந்து, அவர் கையொப்பம் வைத்தபிறகு விட்டார்கள்.

அறைக்குப் போனால், என் உடுப்பும் புத்தகங்களும் இரண்டு பைகளில் வாசலில் இருந்தன.

"உன்னில பிழை இல்லைத் தம்பி," என்றார் அன்ரி. "ஆனா எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். இன்னொருக்கா அவங்கள் படி ஏறினா நான் என்ன செய்யிறது?"

அப்பா தலையாட்டினார். அன்ரி தந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்தோம்.

கொட்டாஞ்சேனைக்குப் போக மட்டக்குளி பஸ்ஸில் ஏறினோம். மருதானை தாண்டியபிறகு அப்பா கேட்டார்.

"படகுக்கும் அனுப்பலாமோ எண்டு கேக்க, நீ என்ன சொன்னனீ?"

"அனுப்பலாம் எண்டு. அதுதானே உண்மை."

"தெரியாது எண்டு சொல்லியிருக்கலாமே."

எழுத்து வாசனை இல்லாத அவர், ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அதைச் சொல்லியே தப்பி வந்தவர். எனக்குக் கேட்ட கேள்விக்கு விடை சொல்லித்தான் பழக்கம்.

கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே எனக்கும் ஒரு பாய் விரித்தார். அங்கே யன்னல் இல்லை. கடை பூட்டும்வரைதான் விளக்கு. அந்த வருடம் பௌதிகவியலில் நான் சித்தியடையவில்லை.