இறங்குகிற விலை

என் கணவரின் குரல்பெட்டியை அறுவை சிகிச்சை செய்து எடுத்த பிறகு, எங்கள் வீட்டில் லேப்டாப் விலை பேசாத நாளே இல்லை. பேசுவது என்று சொல்கிறேனே, பேசியது நான் மட்டும்தான். அவர் எழுதிக் காட்டுவார், நான் படித்துவிட்டுக் கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நான் தனியாகச் சண்டை போடுவது போலத்தான் கேட்டிருக்கும்.

அவர் ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்றவர். தெற்கேயிருந்து லாரியில் வரும் சரக்கை வாங்கி நெடுமங்காடு, வித்துரா பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். வாய் ஒன்றை வைத்துக்கொண்டே பிழைத்தார். சந்து முனையில் அவர் குரல் கேட்டால் நான் தோசைக்கல்லை அடுப்பில் போடுவேன், அவர் வந்து கால் கழுவுவதற்குள் கல் காய்ந்துவிடும். அந்தக் குரல்தான் முதலில் கரகரத்தது. மிளகாய்த் தூசி என்று நினைத்தோம். மிளகாய்க்காரருக்குத் தொண்டை கரகரத்தால் வேறு என்னத்தை நினைப்பது. ஆஸ்பத்திரியில் வேறு பெயர் சொன்னார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி மஸ்கட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் அன்று சாயங்காலம் போன் செய்வாள். அப்பாவும் மகளும் பேசுவதைக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும்.

"மொளகா என்ன விலைப்பா?"

"நம்ம ஊர்ல அம்பத்தஞ்சு, மக்களே. அங்க?"

"இங்க நம்ம காசுக்கு நூத்திப்பத்து."

"கொள்ளையாட்டுல்லா இருக்கு. மல்லி?"

இப்படியே போகும். உடம்பு எப்படி, மாப்பிள்ளை எப்படி, என்ன சமைத்தாய் என்பதெல்லாம் என் பங்கு. சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து கடைத்தெருவைப் பார்த்து வளர்ந்தவள், அவர் பாஷையே அவளுக்கும் வந்துவிட்டது. வெளிநாட்டு போனுக்குக் காசு கொடுத்து மிளகாய் விலை கேட்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று நான் அவளைத் திட்டுவேன். எனக்குக் கொஞ்சம் பொறாமையும் உண்டு, அதைச் சொன்னால் என்ன.

அறுவை சிகிச்சைக்கு வந்தவள், லீவு முடிந்து திரும்பிப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை போன் மணி அடித்ததும் அவர்தான் முதலில் எடுத்தார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு, ரிசீவரில் நகத்தால் தட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே பேசி வைத்திருந்தார்கள். சாப்பிட்டீர்களா, ஒரு தட்டு. வலிக்கிறதா, இரண்டு தட்டு. பிறகு பழக்கதோஷத்தில் அவள், "மொளகா என்ன விலைப்பா?" என்று கேட்டுவிட்டாள். அவர் தட்ட ஆரம்பித்தார். தட்டிக்கொண்டே போனார். பாதியில் அவருக்கே எண்ணிக்கை தவறியது, அந்தப் பக்கம் அவளுக்கும் தவறியிருக்கும். அவள் அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மொபைலில் செய்தி அனுப்பக் கூடாதா என்று பலரும் கேட்டார்கள். அந்தக் குட்டிப் பொத்தானில் ஓர் எழுத்து வருவதற்கு மூன்று தடவை அமுக்க வேண்டும். மூட்டை புரட்டிய விரல், ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து விழும். ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு மொபைலைக் கட்டிலில் எறிந்தார். தம்பானூரில் இன்டர்நெட் கஃபே இருந்தது. மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளைமேல் துணியைக் கட்டிக்கொண்டு காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார மாட்டேன் என்றார்.

லேப்டாப் யோசனை மகளுடையது. "படுத்துக்கிட்டே டைப் பண்ணலாம்மா. கரண்ட் போனாலும் பேட்டரி நிக்கும். விலை குறைஞ்சது போதும், சாட் பண்ண அது மதி. நானே இங்கேருந்து வாங்கி அனுப்புதேன்" என்றாள்.

நான் சொன்னதும் அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதினார்: 'பாக்காத சரக்கு வேண்டாம்.' பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக் காசு வேண்டாம் என்பது அதற்கு உள்ளே இருந்த அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது.

அப்படி ஆரம்பித்தது எங்கள் அலைச்சல். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தை மறைத்துச் சுற்றிய துண்டு, இப்படிப் புறப்படுவார். ஸ்டாச்சு, பாளையம், பட்டம் என்று நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை பாக்கியில்லை. வாசலில் கொடுக்கிற நோட்டீசுகளை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். வீட்டில் கட்டிலில் அவற்றைப் பரப்பி, ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம், எடை என்ன என்று ஒன்றோடொன்று ஒப்பிடுவார். ஒரு மாதத்தில் ஜி.பி. என்பதைக் குவிண்டால் போலச் சாதாரணமாக எழுத ஆரம்பித்துவிட்டார்.

கடையில் அவர் எழுதுவதை உரக்கப் படிக்கிற வேலை எனக்கு. கண்ணாடி மேஜைமேல் வைத்திருக்கும் லேப்டாப்பை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். மூட்டையின் வாயில் நல்ல மிளகாயை வைத்து அடியில் சொத்தையைப் போடுகிற உலகத்தைப் பார்த்தவர். 'உள்ளே பெட்டியில் இருப்பதைக் காட்டு' என்று எழுதுவார். சாஃப்ட்வேருக்குத் தனிக் காசு என்று ஒரு கடையில் சொன்னபோது, 'இந்த விலை சாக்கோட எடையா, சாக்கு கழிச்சா?' என்று எழுதினார். நான் அதை அப்படியே படித்தேன். அந்தக் கடைப் பையனுக்குப் புரிந்ததும் சிரித்து, அவருக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டான்.

விலை பேசுவது மட்டும் தாளில் கிடையாது. வியாபாரிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலாலேயே விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று, கையை முழுசாகப் பிடித்தால் ஐந்து. ரூபாயா, பத்தா, ஆயிரமா என்பது சரக்கைப் பொறுத்தது. விலை ஒத்துப்போனால் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளிலேயே எனக்கு அதைப் பழக்கிவிட்டார். கடையில் பையன் விலை சொன்னதும் துண்டை எங்கள் கைகளின்மேல் போடுவார், இவ்வளவுக்குமேல் தராதே என்று விரல் சொல்லும். ஐம்பது வயதில் நடுக்கடையில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

அந்தப் பையன் நல்லவன். அதுதான் எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாகிவிட்டது. முப்பத்திரண்டாயிரத்துக்கு ஒன்றை ஏறக்குறைய முடிக்கிற நேரத்தில், "சேச்சி, உள்ளதைச் சொல்றேன், இப்போ எடுக்கண்டா. அடுத்த மாசம் புதிய மாடல் வரும், இதோட விலை குறையும் கேட்டோ" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்.

அடுத்த மாதம் முப்பதானது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நான் கையைப் பையில் விட்டுக் காசை எடுக்கப் போனேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். தாளில் எழுதினார்: 'இறங்குற மார்க்கெட். கை நீட்டாதே.' விலை இறங்கும்போது வாங்கி வைப்பவன் நாளைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வான் என்பது மிளகாய் வியாபாரத்தில் பிள்ளைப் பாடம். அதற்கடுத்து, அதே விலையில் இரண்டு மடங்கு ராம் உள்ள மாடல் வந்தது. பிறகு பழையது இருபத்தெட்டுக்கு வந்தது.

"ஏங்க, இது மொளகா இல்ல, கேட்டியளா. மொளகான்னா இறங்கும், மழை பெஞ்சா ஏறும். இது இறங்கிக்கிட்டேதான் இருக்கும். எப்பதான் வாங்கப் போறிய?" என்று நான் கத்தினேன்.

'ஒரு நாள் நிக்கும்' என்று எழுதினார்.

"அதுவரைக்கும் அவ அங்க காத்துக் கிடக்கணுமா?"

அவர் பேனாவை மூடினார். நோட்டீசை எடுத்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தார்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. அவள் மட்டும் பேசினாள், இவர் தட்டினார். விலை கேட்பதை அவள் விட்டுவிட்டாள். வாங்கியாச்சா அம்மா என்று என்னிடம் மெல்லக் கேட்பாள். இல்லை என்பேன். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இன்றைக்கும் அது முழுசாகத் தீரவில்லை.

ஒன்றை மட்டும் அப்போதே கவனித்தேன். ஆரியசாலைப் பக்கம் அவர் தலைகாட்டுவதே இல்லை. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார். லேப்டாப் கடைகளில் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். அங்கே யாரும் அவருடைய பழைய குரலைக் கேட்டவர்கள் இல்லை. வாங்கிவிட்டால் அப்புறம் போவதற்கு ஓர் இடம் இருக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் தாங்கமாட்டார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, இனி வீட்டில் வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவரை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, மருந்து வாங்கப் போகிறேன் என்று சொல்லி நேராக அந்தக் கடைக்குப் போனேன்.

"சார் வரலையா சேச்சி? ரெண்டு வாரம் பொறுத்தா..." என்று பையன் ஆரம்பித்தான்.

"பொறுக்க முடியாது" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பெட்டியை எடுத்துவரக் கிடங்குக்குள் அவனே போனான்.

வீட்டில் பெட்டியைப் பார்த்ததும் அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை என் கைமேல் போட்டுக் கையைப் பிடித்து லேசாக ஆட்டினார், எவ்வளவு என்று அர்த்தம். கொடுத்த விலையில் இரண்டாயிரத்தைக் குறைத்து அவர் விரல்களைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எத்தனை பேர் கையின் பொய்யைப் பார்த்த மனுஷர். பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

டெலிபோன் லைனில் இன்டர்நெட் வந்து சேர்வதற்குள் அவர் ரொம்பவும் மெலிந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்தது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்காரவைத்து, மடியில் பலகையும் அதன்மேல் லேப்டாப்பும் வைத்தேன். திரையில் மகள் எழுதியது வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: அப்பா, இருக்கீங்களா.

அவர் விரலை நீட்டிக்கொண்டு தேடினார். இத்தனை மாதம் இத்தனை கடை ஏறி இறங்கினோம், எந்தக் கடையிலும் ஓர் எழுத்தைக்கூட அவர் அடித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை அதில் இல்லை. கலைத்துப் போட்டது போல இருந்த எழுத்துக்களுக்கு நடுவே எம் என்ற எழுத்தைக் கண்டுபிடித்து அமுக்கினார். மிளகாய்க்கு எம். அமுக்கிய விரலை எடுக்கத் தெம்பில்லை. திரை முழுக்க எம் எம் எம் என்று ஓடியது. நான்தான் அவர் விரலைத் தூக்கினேன்.

சொல்லுங்கப்பா, என்றாள் அவள்.

அவர் லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார். கல்யாணத்துக்கு முன்னால் நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள், அது அவருக்கு நினைவிருந்தது. தோளில் கிடந்த துண்டை இழுத்து என் இடது கைமேல் போட்டார். கையை முழுசாகப் பிடித்தார். விட்டுவிட்டு மறுபடியும் முழுசாகப் பிடித்தார். ஐம்பத்தைந்து.

அது ஆபரேஷனுக்கு முன்னால் இருந்த விலை. அதற்குப் பிறகு மிளகாய் விலை எங்கேயோ ஏறிப் போய்விட்டது, மளிகைக்கடைக்குப் போய்வருகிற எனக்கே தெரியும். ஒற்றைக் கையால், மொளகா அம்பத்தஞ்சு மக்களே, என்று அடித்து அனுப்பினேன்.

பதில் வரத் தாமதமாயிற்று. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது: இங்க நம்ம காசுக்கு நூத்திப்பத்துப்பா.

நான் அதை உரக்கப் படித்தேன். அவர் உதடு விரிந்தது. கொள்ளையாட்டுல்லா இருக்கு, மல்லி என்ன விலை, என்று அவர் சொல்லாமலேயே நான் அடித்தேன். துண்டுக்கு அடியில் அவர் கை என் கையைப் பிடித்தபடியே இருந்தது, அதில் எண் எதுவும் இல்லை.

அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. அடுத்தது வருவதற்குள் அவர் போய்விட்டார்.

மகள் வந்து பதினாறு வரை இருந்துவிட்டுத் திரும்பினாள். ஒருநாள் காலைப் பத்திரிகைக்குள்ளிருந்து நோட்டீஸ் ஒன்று விழுந்தது. எங்கள் வீட்டில் இருக்கும் அதே மாடல், நான் கொடுத்ததைவிட நாலாயிரம் குறைவு. அவர் சொன்னது சரிதான், நான் ஏமாந்துதான் போயிருக்கிறேன். அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றாள். அப்புறம், "அம்மா, மொளகா என்ன விலை?" என்று கேட்டாள்.

முப்பது வருஷம் மிளகாய்க்காரரோடு குடும்பம் நடத்தியவள் நான். கடைத்தெருவின் அன்றைய விலை எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.