முன்பணத்தைக் கண்டு ஓடிய கன்னியம்மா

கன்னியம்மாவின் அப்பா பட்ட கடன் எட்டாயிரம் ரூபாய். கடலூர்ப் பக்கத்து இருளர் குடும்பம். முன்பணமாக வாங்கிய அந்தக் காசுக்கு, விளாத்திகுளம் பக்கம் விறகை எரித்துக் கரியாக்கும் ஒரு கரிமூட்டத்தில் குடும்பமே அடிமையாகக் கிடந்தது. கருவேலம் வெட்டியே அவள் குமரியானாள். கூலி என்று ஒரு ரூபாய் அவள் கைக்கு வந்ததில்லை. போன வருஷம் அதிகாரிகள் வந்து மீட்டு, கடன் செல்லாது என்று எழுதிக் கொடுத்தார்கள். குடும்பம் எங்கள் கடற்கரை ஊரான கீழவைப்பாருக்கு வந்து குடிசை போட்டது.

இந்தக் கரையில் வடிவம்மாளாகிய என்னை இறாலுக்கே தெரியும். நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள். தலைச்சுமையாக மீன் விற்று, இன்று இரண்டு லோடு ஆட்டோவுக்கு முதலாளி. பிடிக்கப்போகும் மீனுக்கு நான் நீட்டிய முன்பணத்தை வேண்டாம் என்றவர் யாருமில்லை.

ஆறு கடலில் சேரும் இடத்தில், கன்னியம்மா வெறுங்கையால் இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையான பறியைப் பல்லில் கடித்திருப்பாள். ஒவ்வொரு இறாலும் என் பெருவிரல் தடிமன். விடுவேனா? ஐயாயிரத்தோடு ஆற்றுக்கே போனேன்.

"ஏளா, இதப் பிடி. இனி உன் இறால் பூரா எனக்குத்தான்."

நோட்டைக் கண்டாளோ இல்லையோ, பறியைக் கடித்தபடியே கரையேறி ஓடினாள். "ம்ம்! ம்ம்!" என்ற சத்தம் மட்டும் வந்தது. நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நோட்டை ஆட்டியபடி துரத்தினேன். அறுபது வயதுக்குமேல் அப்படி ஓட இந்த ஜில்லாவில் யாருக்கு முடியும்?

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பாஸ்கல் கத்தினான்: "எக்கா, கடன் வாங்குனவன் ஓடிப் பாத்திருக்கேன். வாங்க மாட்டேன்னு ஓடுதவள இன்னைக்குத்தான் பாக்கேன்!"

கரையே சிரித்தது. படகைச் சுற்றிச் சுற்றி ஓடி, சேற்றில் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தேன். அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். வாய் திறந்ததும் பறி விழுந்து, இறாலெல்லாம் துள்ளிச் சிதறின. இரண்டு பேருமாகப் பொறுக்கினோம்.

"ஏன்ளா ஓடுத? காசு கடிக்குமா?"

"கடிக்கும்மா. எங்கப்பன கடிச்சுது. அட்வான்சு வாணாம். எட போடுங்க, காச என் கையில வைங்க. நாளைக்கு எவன் நல்ல வெல தரானோ, அவனுக்குப் போடுவேன்."

"என்ன திமிரு!" என்றேன். அப்படிப் பேசுகிறவள் இந்தக் கரையில் என்னைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை. மனசு குளிர்ந்துபோனது.

ஆட்டோவில் இருந்த தராசை எடுத்து இறாலைக் கொட்டினேன். "எடக்கல்லு தட்டுலேர்ந்து கைய எடுங்கம்மா," என்றாள். பாஸ்கல் விழுந்து விழுந்து சிரித்தான்.

சேறு காயாத உள்ளங்கையை விரித்து நீட்டினாள். கரைக்கே கேட்கும்படி ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தேன்: "நூறு... எரநூறு... முந்நூறு... நானூறு... ஐந்நூறு!"