அரிவாளுக்குக் குறுக்கே நார்த்தை மரத்தைப் பிடித்தவள்

செல்லத்தாய் அக்காவைக் கொன்றுவிட்டான்.

இன்று காலை, குத்துக்கல்வலசையில், அவளுடைய செடி நர்சரியின் கேட்டைத் திறந்துகொண்டிருந்தபோது... பைக்கில் வந்து பின்னாலிருந்து வெட்டியிருக்கிறான். வேறு யாருமில்லை. அவள் புருஷன்தான்.

கடையநல்லூரில் என் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கல்லில் தோசை கரிந்து புகை கிளம்பிய பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. அதனால் சொல்கிறேன்.

புளியங்குடிக்காரி. என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அடி தாங்காமல் புருஷனை விட்டு வந்து, தொட்டியிலேயே காய்க்கிற எலுமிச்சையும் நார்த்தையும் வளர்த்து விற்றாள். கல்யாணத்துக்கு முன்பு நான் அவளிடம் வேலை பார்த்தேன்.

முதல் நாளே தொட்டி மாற்றுகிற வேலை. குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்தால்தான் அக்கா வேரில் கை வைப்பாள்.

நார்த்தைத் தொட்டியைப் படுக்கப் போட்டு மிதித்தாள். மரம் மண்ணோடு கழன்று வந்தது. தொட்டி வடிவத்திலேயே வேர் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. அடிவேரில் ரம்பத்தை வைத்துக் கரகரவென்று அறுத்தாள். பக்கவாட்டிலும் நீளமாகக் கீறினாள்.

"யக்கா, செத்துராதா?"

"வெட்டாம விட்டாத்தாண்ட்டி சாவும். என்ன பாத்துக்கிட்டு நிக்க? பிடி, இழு!"

கிளையையும் குறைத்து, புது மண்ணில் நட்டு, நிழலுக்கு இழுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். என் கையெல்லாம் முள் கிழித்து ரத்தம். "மகாராணிக்கு ஆம்புலன்ஸ் வேணுமோ?" என்று சிரித்தாள்.

அடுத்த வருஷச் சாரலில் அவன் வந்தான்.

நல்ல மத்தியானம். நாங்கள் ஒரு நார்த்தையை அப்போதுதான் வெளியே எடுத்திருந்தோம். கையில் அரிவாளோடு, வழியில் இருந்த தொட்டிகளை மிதித்து உடைத்துக்கொண்டே வந்தான்.

"வீட்டுக்கு வாரியா, இங்கனயே சாவுதியா?"

"வரமாட்டேன்."

அவ்வளவுதான். ஓங்கினான். அக்கா மரத்தை அப்படியே தூக்கிக் குறுக்கே பிடித்தாள். அரிவாள் வேரும் மண்ணுமான கட்டிக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவன் இழுக்க இழுக்க, இவள் முள் கிளையை அவன் முகத்தில் வைத்து அழுத்தினாள். அலறினான். அரிவாள் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் அவள் இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

நான் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவன் முழங்காலில் அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன்... அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து என் கையிலிருந்து பிடுங்குகிற வரைக்கும்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, துணி சுற்றிய கையோடு அக்கா என்னிடம் சொன்னது இதுதான். "ஏட்டி, அந்த மரம் வெளிய கெடக்கு. வேரு காஞ்சிரும். போயி நட்டுப்போடு."

நட்டேன். அந்த மண்ணில் அவள் ரத்தமும் இருந்தது.

அவளுடைய சொந்த அண்ணனே ஆஸ்பத்திரிக்கு வந்து, "குடும்ப விஷயம் தாயி, கேஸ் வேண்டாம். சமாதானமாப் போயிரு" என்றார்.

"அந்த ரெண்டு விரலயும் கொண்டாண்ணே. போயிருதேன்."

கோர்ட்டில் அவளும் சொன்னாள், நானும் சாட்சி சொன்னேன். அவன் ஜாமீனில்தான் இருந்தான். கேஸ் இழுத்துக்கொண்டே போனது.

போன மாதம் பேசினோம். "இந்தப் பக்கந்தான் சுத்துதான்ட்டி. நான் ரம்பத்த இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் கேட்டத் திறக்கேன்" என்று சிரித்தாள்.

இன்றைக்கும் இடுப்பில் இருந்ததாம். எடுக்க நேரமில்லை...

அவனைச் செங்கோட்டைப் பக்கம் பிடித்துவிட்டார்கள். ஆனால் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்ற யாருமே எதையும் பார்க்கவில்லையாம்.

பார்த்தவர்கள் போலீஸில் சொல்லுங்கள். பயமாக இருந்தால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு நான் கூட வருகிறேன். மண்வெட்டி பிடித்த கைதான் இது.

அக்கா தென்காசி பெரியாஸ்பத்திரி மார்ச்சுவரியில் இருக்கிறாள். அண்ணன் இன்னும் வரவில்லையாம். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வந்துக்கிட்டிருக்கேன் யக்கா.